புதுப்பிப்பு: கேமில் ஓசூர் அணியின் 'தனி நாடு' அறிவிப்பு

போன இழையின் கேள்வி: நம்ம அரசியல் சிமுலேஷன் கேமில் ஓசூர் அணி தனி நாடு என்று அறிவித்ததும் அட்மின் 6 கணக்குகளை முடக்கினாரே, அது நியாயமா? மீறல் உண்மை. ஆனால் அட்மின் கை வைத்த இடம்தான் தப்பு.

மாவட்டப் பிரிப்பு வேறு, பிரிவினை வேறு. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது நிர்வாக ஏற்பாடு. தனி மாநிலத்துக்குக்கூட அரசியலமைப்பின் 3-வது பிரிவில் வழி உண்டு, நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். நாட்டை விட்டுப் போகத்தான் வழி இல்லை. ஆனால் இது கேம் மட்டுமே என்பதால், இதற்குள் மசோதா, பேச்சு, தனிக்கொடி எதுவும் குற்றமில்லை. பொதுக் கஜானாவைத் தனிக் கணக்குக்கு மாற்றியதுதான் மீறல்.

இனி நடைமுறை இதுதான். முதலில் கஜானாவை மட்டும் பூட்டணும். பரிமாற்றப் பதிவை நேரத்தோடு எடுத்து வைத்து, 48 மணி நேர நோட்டீஸ் தரணும். விசாரிக்கும் மாடரேட்டர் ஓசூர், தர்மபுரி இரண்டு அணியிலும் இருக்கக் கூடாது. தண்டனை பணத்தை மாற்றியவருக்கு மட்டும். அணியையே தூக்கினால் சபையில் கோரம் (சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் போகும். பட்ஜெட் ஓட்டெடுப்பு நின்றதே அதனால்தான். 48 மணி விதி புதியது, பழைய மீறலுக்குப் பொருந்தாது. ஆனால் தண்டனை பணத்தை மாற்றியவருக்கு மட்டும் என்பதால் 5 கணக்குகள் திறக்கப்பட்டுவிட்டன, ஆறாவது விசாரணையில்.