ஒரே எண்ணில் இரண்டு தட்டுகள்: மாற்ற ஆணைகளோடு எங்கள் அனுபவங்கள்

பேட்டை உறுப்பினர்:

பேட்டைத் தொழிற்பேட்டையில் காற்றாலை உதிரிபாகங்கள் செய்யும் சிறு ஆலை ஒன்றில், வடிவமைப்புப் பிரிவில் நான் இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். காற்றின் திசைக்குத் திரும்பிய காற்றாலை முகப்பை அசையாமல் பிடித்து நிறுத்தும் யா பிரேக்கைத் தாங்கும் ஒரு தட்டில், எம் 16 போல்ட்டுக்கான துளைகளை எம் 20 போல்ட்டுக்கு ஏற்பப் பெரிதாக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார். நான் இசிஓ (வடிவமைப்பு மாற்ற ஆணை) எழுப்பி, வரைபடத்தை பி ரிவிஷனிலிருந்து (திருத்தப் பதிப்பிலிருந்து) சி ரிவிஷனுக்கு உயர்த்தி, தரம், உற்பத்தி, கொள்முதல் ஆகிய மூன்று பிரிவுகளின் ஒப்புதலையும் மென்பொருளிலேயே இரண்டு நாளில் வாங்கி, ஆணையை மூடிவிட்டேன். பார்ட் நம்பரை மாற்றவில்லை. அதுதான் என் பிழை.

ஆடி மாதத்தில், ராதாபுரம் பக்கம் ஒரு காற்றாலையில் அந்தத் தட்டை மாற்ற வேண்டி வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்கள் வழியே இறங்கி வீசும் அந்த மாதங்களில்தான் நம் பகுதிக் காற்றாலைகளுக்கு நல்ல விளைச்சல். அப்போது ஒரு நாள் நின்றாலும் உரிமையாளருக்குப் பெரிய இழப்பு. காற்று சற்றுத் தணியும்வரை கோபுரத்தின் அடியில் காத்திருந்து, தட்டை மேலே ஏற்றிய பிறகு, எம் 20 போல்ட் துளைக்குள் நுழையவில்லை என்று பணியாளர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். ஸ்டோரில் போய்ப் பார்த்தால், ஒரே பெட்டியில் இரண்டு வகைத் தட்டுகளும் கலந்து கிடந்தன. பெட்டியில் ஒட்டியிருந்த எண் இரண்டுக்குமே சரியாகத்தான் இருந்தது. "நம்பர் ஒண்ணுதானல்லா போட்டிருக்கு தம்பி, நான் எத வச்சுப் பிரிக்க?" என்று ஸ்டோர் அண்ணாச்சி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நுழையாத போல்ட் எங்களைத் தடுத்தாவது நிறுத்தியது. இதற்கு நேர்மாறானதை நினைத்தபோதுதான் உண்மையிலேயே பயந்தேன். புதிய தட்டு பழைய காற்றாலைக்குப் போயிருந்தால், பெரிய துளைக்குள் சிறிய போல்ட் தடையில்லாமல் இறங்கியிருக்கும். முறுக்கி முடித்தவருக்கும் சந்தேகம் எழுந்திருக்காது. அப்படி எத்தனை போயின என்று தேடினால், அனுப்புகைச் சீட்டுகளில் பார்ட் நம்பர் மட்டுமே இருந்தது, ரிவிஷன் இல்லை. ஒவ்வோர் இடமாகக் கேட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்த்து முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. இரண்டு இடங்களில் அப்படியே பொருத்தியிருந்தார்கள். இரண்டையும் கழற்றி மாற்றினோம்.

மாற்றத்துக்குப் பின் வரும் பாகமும் முன்பிருந்த பாகமும் வடிவம், பொருத்தம், செயல் ஆகிய மூன்றிலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடத்தக்கவையாக இருந்தால் ரிவிஷன் மாற்றமே போதும். ஒன்றில் மாறுபட்டாலும் புதிய பார்ட் நம்பர் கொடுத்தே ஆக வேண்டும். இது பாடப்புத்தகத்திலேயே உள்ள விதிதான். ஆனால் புதிய எண் என்றால் பிஓஎம் (ஒரு பொருளில் என்னென்ன பாகங்கள் என்று காட்டும்) பட்டியல்களைத் திருத்த வேண்டும், விலைப்பட்டியலைத் திருத்த வேண்டும் என்ற சோம்பலில் அதைத் தாண்டிப் போனேன்.

கங்கைகொண்டான் உறுப்பினர்:

ஏற்கெனவே இருக்கும் பாகங்களை என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் ஆணையை மூடும் இதே குறை எங்களிடம் தணிக்கையின்போது வெளிப்பட்டது. ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையின் 8.3.6 ஆம் பிரிவு, வடிவமைப்பு மாற்றம், அதை ஆய்வு செய்ததன் முடிவு, ஒப்புதல், பாதகமான விளைவுகளைத் தடுக்க எடுத்த நடவடிக்கை ஆகிய நான்கிற்கும் ஆவணம் வைத்திருக்கச் சொல்கிறது. முதல் மூன்றையும் மென்பொருளிலிருந்து உடனே காட்டினோம். நான்காவதற்குக் காட்ட எதுவும் இல்லை. நாங்கள் பயன்படுத்துவது, பாகங்களையும் வரைபடங்களையும் அவற்றின் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் விண்ட்சில் என்ற மென்பொருள். அதில் பாதிக்கப்படும் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே, முடிந்த கையிருப்பை என்ன செய்வது, உற்பத்தியின் நடுவில் இருப்பதை என்ன செய்வது, வாங்கச் சொல்லியிருப்பதை என்ன செய்வது என்று குறிக்க நெடுவரிசைகள் உண்டு. ஆண்டுக்கணக்காக அவற்றை வெறுமையாகவே விட்டிருந்தோம். இப்போது அவை நிரம்பாத ஆணையை ஒப்புதலுக்கே அனுப்புவதில்லை. களத்தில் பொருத்தப்பட்டவற்றுக்காக நான்காவது நெடுவரிசை ஒன்றையும் நாங்களே சேர்த்துக்கொண்டோம். 'எங்கெல்லாம் பயன்படுகிறது' என்ற தேடலையும் ஆணை எழுப்புபவரே முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒரு பம்பின் மூடிக்காக எழுதிய மாற்றம், நாங்கள் மறந்தே போயிருந்த வேறொரு பம்பையும் தொட்டதை அந்தத் தேடல்தான் காட்டிக்கொடுத்தது.

பாளையங்கோட்டை உறுப்பினர்:

நான் லேத் பட்டறை வைத்து, மேலே எழுதியவர்களைப் போன்றோரிடம் வேலை வாங்கிச் செய்பவன். உங்கள் மென்பொருளில் சி ரிவிஷன் வெளியான நாளில், என் பட்டறைச் சுவரில் பி ரிவிஷன் அச்சுதான் ஒட்டியிருக்கும். புதிய வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் உங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய அச்சைத் திரும்பப் பெறவும் யாராவது வர வேண்டும். ஒரு வாடிக்கையாளர் மட்டும் அப்படி ஆள் அனுப்புகிறார். அவருடைய வேலையில் இதுவரை ஒரு பாகம்கூட எனக்கு வீணானதில்லை.

பேட்டை உறுப்பினர்:

பாளையங்கோட்டை அண்ணன் சொன்னதை எங்கள் ஆணைப் படிவத்தில் தனி வரியாகச் சேர்த்துவிட்டேன். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: மாற்றம் எப்போதிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை முன்பு தேதியில் குறித்து வந்தோம். பழைய கையிருப்பு தீரும் நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாததால், இப்போது காற்றாலையின் வரிசை எண்ணைக் கொண்டு குறிக்கிறோம். இந்த எண் முதல் புதிய தட்டு, அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய தட்டு. இரண்டுக்கும் வேறு வேறு பார்ட் நம்பர், வேறு வேறு பெட்டி. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று அண்ணாச்சி தம் கையால் கையொப்பமிட்ட பிறகுதான் ஆணையை மூடுகிறேன்.