வூடூ3: 22 பிட்டா, 16 பிட்டா?

கிளைடு பித்தன்:
"3டிஎஃப்எக்ஸோட வூடூ3 வெறும் 16 பிட் கிராபிக்ஸ் கார்டு, ரெட்ரோ பிசிக்கு (பழைய கேம் ஆடுற கம்ப்யூட்டர்) என்விடியாவோட டிஎன்டி2 வாங்குங்க"ன்னு நேத்து ஒருத்தர் புதுசா வந்தவருக்கு யோசனை சொல்லியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. பிட் கூடினா நிறங்கள் கூடும்; வூடூ3ல திரைக்கு வர்றது 22 பிட்டுக்கு நிகரான படம். தெரியாம யோசனை சொல்லாதீங்க.

நீலத்திரை:
சொன்னது நான்தான், பேரைச் சொல்லியே கேக்கலாம். ஃபிரேம் பஃபர்ல, அதாவது வரைஞ்ச படம் தங்குற மெமரியில, இருக்கிறது 16 பிட், 65,536 நிறம். 22ங்கிறது 3டிஎஃப்எக்ஸ் விளம்பரத்துல மட்டும்தான் இருக்கு.

கிளைடு பித்தன்:
விளம்பரமா? கார்டு உள்ளுக்குள்ள கணக்குப் போடுறது அதிக நுணுக்கத்துல. டிதர் பண்ணி, அதாவது இல்லாத நிறத்தைப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளால ஒப்பேத்தி, 16 பிட்டா எழுதுது. மானிட்டருக்குப் போற வழியில ஒரு ஃபில்டர் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துப் பார்த்து அந்தப் புள்ளிகளைக் கரைக்குது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தா ஃபில்டருக்கு முந்தின படம்தான் கிடைக்கும். அந்தக் காலத்துப் பத்திரிகைகள்ல வூடூ3 படம் சொரசொரன்னு தெரிஞ்சது அதனாலதான். நீங்க ஸ்கிரீன்ஷாட் பார்த்தே தீர்ப்பு எழுதுற ஆள். சிஆர்டி (பழைய டியூப் மானிட்டர்) முன்னாடி உக்காந்து பாருங்க சார். 22.

நீலத்திரை:
புகை மேல புகை அடுக்கா வர்ற காட்சியை ஓட்டிப் பாருங்க. ஒவ்வொரு அடுக்கும் 16 பிட்டுக்கு வெட்டுப்பட்டுத்தான் பஃபருக்குத் திரும்பிப் போகுது. போன நிறத்தை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது. 16.

ஏஜிபி ராசா:
ரெண்டு பேரும் பெரிய விஷயத்தை விட்டுட்டீங்க. வூடூ3ல டெக்ஸ்சர் (கேம்ல பொருள் மேல ஒட்டுற படம்) 256x256 பிக்சலுக்கு மேல போகாது. டிஎன்டி2ல 2048x2048.

கிளைடு பித்தன்:
தம்பி, பேச்சு நிறத்தைப் பத்தி. டிஎன்டி2ல 32 பிட் போட்டா வேகம் எவ்வளவு விழும்னு உங்க நண்பரையே கேளுங்க. 1999ல அதை அணைச்சு வச்சுத்தான் பாதிப் பேர் ஆடினாங்க.

நீலத்திரை:
நண்பர் இல்லை, அவர் யாருன்னே தெரியாது. ரெண்டு வூடூ2 கார்டைச் சேர்த்து எஸ்எல்ஐ போட்டா டெக்ஸ்சர் மெமரி ரெட்டிப்பாகும்னு போன தடவை சாதிச்சவர்தானே நீங்க? ரெண்டு கார்டுலயும் ஒரே டெக்ஸ்சர்தான் ஏறும்.

கிளைடு பித்தன்:
நான் சொன்னது ஃபிரேம் பஃபரை. ஒரு கார்டுல திரை 800x600 வரை, ரெண்டுல 1024x768 வரை. திரிச்சுப் பேசுறதே உங்க பிழைப்பு.

பழையபெட்டி:
என்கிளைடு மென்பொருள் போட்டா இப்ப இருக்கிற கார்டுலயே கிளைடு கேம் (3டிஎஃப்எக்ஸ் கார்டுக்குன்னு எழுதினது) எல்லாம் ஓடுது. எதுக்கு இந்தச் செலவு?

கிளைடு பித்தன்:
அப்போ நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? அசல் கார்டு, அசல் மானிட்டர் வச்சு ஆடுறவங்க பேசிக்கிட்டு இருக்கோம்.

ஏஜிபி ராசா:
வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. ஏஜிபி ஸ்லாட்ல (மதர்போர்டுல கிராபிக்ஸ் கார்டு செருகுற இடம்) போடுற வூடூ3க்கு 3.3 வோல்ட் வேணும். 1.5 வோல்ட் மட்டும் தர்ற பிந்தைய மதர்போர்டுல செருகிடாதீங்க.

நீலத்திரை:
இதைத்தான் புதுசா வந்தவருக்கு முதல்ல சொல்லணும். சிலருக்கு 22 பஜனையே போதும்.

கிளைடு பித்தன்:
பஜனையா? 2000 டிசம்பர்ல என்விடியா 3டிஎஃப்எக்ஸோட சொத்துகளை வாங்குற அளவுக்கு அதுல சரக்கு இருந்துச்சு. திரும்பவும் சொல்றேன்: ஃபில்டரை அணைச்சுப் பாருங்க, போட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க.

நீலத்திரை:
போட்டும் பார்த்தாச்சு. 16.

கிளைடு பித்தன்:
எந்த மானிட்டர்ல? எல்சிடின்னு மட்டும் சொல்லிடாதீங்க.