ஜெர்மன் ரயில்வேக்காரர் போட்டோ: மார்பில் இருக்கும் பதக்கங்கள் என்ன?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய பிரெஞ்சு புத்தகங்களுக்கு நடுவே ஒரு போட்டோ கிடைத்தது. தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டுடியோ போட்டோ, அட்டையின் அடியில் எர்ஃபுர்ட் என்று ஊர்ப்பெயர் மட்டும் படிக்க வருகிறது, மற்றதெல்லாம் அந்தக் கோணல்மாணல் ஜெர்மன் எழுத்து. ஐம்பது வயது மதிக்கலாம், முறுக்கிய மீசை, யூனிஃபார்ம், காலரில் சிறகு வைத்த சக்கரம். விற்றவர் "மிலிட்டரி ஆபீசர் சார், ஹிட்லர் காலத்து ஆளு" என்று சொல்லி விலையை ஏற்றப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்ததும் ரயில்வே என்று எனக்குப் பட்டது, அதனால்தான் வாங்கினேன்.

இடது மார்பில் இரண்டு பதக்கம் தொங்குகிறது. ஒன்று சிலுவை, இன்னொன்று வட்டம். சிலுவை என்பதால் என் மச்சான் அது போரில் கொடுக்கும் அயர்ன் கிராஸ்தான் என்று அடித்துச் சொல்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்த ஆளுக்கு எதற்கு அயர்ன் கிராஸ்? அந்தக் காலத்து ஜெர்மனியில் ரயில்வேக்காரர்களுக்கென்று தனியாக விருது இருந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை நாணயம்

அண்ணே, நல்ல சரக்கு. ஹிட்லர் காலம் கிடையாது, கெய்சர் காலம், அதாவது 1918-க்கு முன்னால். எர்ஃபுர்ட் அன்றைய ஜெர்மனியின் பெரிய அரசான பிரஷ்யாவில் இருந்தது, பிரஷ்ய அரசு ரயில்வேயின் டைரக்‌ஷன் ஆபீஸ் ஒன்று அங்கே இருந்தது, நம்ம ஊரில் டிவிஷன் என்கிறோமே அந்த மாதிரி. சிறகு வைத்த சக்கரம் ஜெர்மனி முழுக்க ரயில்வே சின்னம்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

சிலுவை என்றாலே அயர்ன் கிராஸ் என்று மச்சான் முடிவு கட்டக்கூடாது. பிரஷ்யாவில் சிலுவை வடிவ விருது ஏகப்பட்டது. அயர்ன் கிராஸ் என்றால் நடுவில் கறுத்த இரும்பு, ஓரத்தில் வெள்ளி விளிம்பு, போட்டோவில் பளிச்சென்று தெரியும். உங்கள் ஆளுடைய சிலுவை அப்படி இல்லையென்றால் இரண்டு வாய்ப்புதான் பெரிய வாய்ப்பு. ஒன்று சிவப்புக் கழுகு விருது, நாலாம் வகுப்பு. மற்றது கிரீட விருது, அதுவும் நாலாம் வகுப்பு. முதலாவது பழையது, 1705-இல் பைரோய்த் இளவரசர் தொடங்கி 1792-இல் பிரஷ்யாவுக்கு வந்தது. இரண்டாவதை பிரஷ்ய அரசர் முதலாம் வில்ஹெல்ம் 1861 அக்டோபர் 18-ஆம் தேதி, கோனிக்ஸ்பெர்க்கில் முடிசூட்டிக்கொண்ட அன்றைக்கே தொடங்கினார்.

இவை ரயில்வேக்கென்று தனியாக வந்தவை இல்லை. நீதிபதி, வாத்தியார், தபால்காரர், ரயில்வேக்காரர் எல்லோருக்கும் பொதுவானவை. யாருக்கு எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை விட எந்த கிரேடில் இருந்தீர்கள் என்பதுதான் விருதைத் தீர்மானிக்கும். கேட்மேன், பாயின்ட்ஸ்மேன், கார்டு, லோகோ டிரைவர் இவர்களெல்லாம் கீழ்நிலை ஊழியர் கணக்கு, இவர்களுக்குப் பொது மரியாதைப் பதக்கம் என்று ஒரு வட்டமான வெள்ளிப் பதக்கம். பின்பக்கம் "அரசுக்கு ஆற்றிய சேவைக்காக" என்ற பொருளில் எழுத்து இருக்கும். நடுநிலை ஆட்களுக்கு, ஸ்டேஷன் மாஸ்டர், ஆபீஸ் செயலர் மாதிரி, கிரீட விருது நாலாம் வகுப்பு. பல்கலைக்கழகம் படித்து வந்த இன்ஜினியர், சட்டம் படித்த அதிகாரி என்றால் சிவப்புக் கழுகு நாலாம் வகுப்பில் ஆரம்பிப்பார்கள், பிறகு பதவி ஏற ஏற மூன்று, இரண்டு என்று ஏறும். காகிதத்தில் கழுகும் கிரீடமும் சமம் என்பார்கள், நடைமுறையில் யார் யாருக்குப் போனது என்று பட்டியலைப் பார்த்தால் புரிந்துவிடும்.

லென்ஸ் வைத்துப் பார்த்து ரிப்பன் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய போட்டோ பிளேட்டுக்கு சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது, கறுப்பாக விழும். நீலம் வெளுத்து, கிட்டத்தட்ட வெள்ளையாக வரும். அதனால் கண்ணில் பட்டதை அப்படியே நம்பாதீர்கள்.

ஓய்வு கார்டு

நான் தென்னக ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவன், கடலூர் துறைமுகம், விழுப்புரம் பக்கம்தான் அதிகம் ஓடினேன். தம்பி சொன்ன கிரேடு கணக்கைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அங்கேயும் அப்படித்தானா! நான் வேலையில் இருந்தபோது இங்கே ஏப்ரல் மாதம் ரயில்வே வாரம் வந்தால் விருது கொடுப்பார்கள், 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி முதல் பயணிகள் ரயில் ஓடியதன் நினைவாக. நல்ல விஷயம்தான், நிஜமாகவே உழைத்தவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் மேடையில் வரிசை எந்த கிரேடில் தொடங்குகிறது என்று பாருங்கள், நான் வேறெதுவும் சொல்லவில்லை.

என் கேள்வி ஒன்று. ஒரு பாயின்ட்ஸ்மேன் தண்டவாளத்தில் குதித்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினான் என்று வையுங்கள். அவனுக்கும் அதே வட்டப் பதக்கம்தானா, இருபது முப்பது வருஷம் காத்திருக்க வேண்டுமா?

முத்தியால்பேட்டை நாணயம்

ஐயா, அதற்கு வேறு பதக்கம். உயிர்காப்புப் பதக்கம் என்று பிரஷ்யாவில் 1833-இலிருந்து ரிப்பனோடு கொடுத்தார்கள். அதற்கு கிரேடு பார்க்க மாட்டார்கள், தன் உயிரைப் பணயம் வைத்தானா என்றுதான் பார்ப்பார்கள். சேகரிப்பவர்கள் மத்தியில் அதற்கு இருக்கும் மரியாதை நாலாம் வகுப்பு சிலுவைக்குக் கிடையாது, என் கருத்தும் அதுதான்.

மற்றபடி பொது மரியாதைப் பதக்கம் பெரும்பாலும் நீண்ட, கறையில்லாத சர்வீஸுக்கு, முக்கால்வாசி ஓய்வு பெறும் நேரத்தில். 1900-இல் அதிலேயே ஒரு சிலுவையும் சேர்த்தார்கள், நல்ல மூத்த கீழ்நிலை ஊழியர்களுக்காக. அப்புறம் 25 வருஷம், 40 வருஷம் முடித்த ரயில்வே ஆட்களுக்கென்றே ஒரு நினைவுச் சின்னம் இருந்தது, தொழிலாளர்களுக்கும் உண்டு. அது ரிப்பனில் தொங்காது, ஊசி வைத்துச் சட்டையில் குத்திக்கொள்வது. கெடிலக்கரை அண்ணன் கேட்ட "தனி விருது" என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

வில்லியனூர் வள்ளி

நான் வரலாறு நடத்துகிறவள், அதனால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். "ஜெர்மன் பேரரசு விருது" என்று பொதுவாகப் பேசுகிறோம், ஆனால் 1871-க்குப் பிறகும் பேரரசுக்கென்று தனி விருது முறை கிடையாது. பிரஷ்ய அரசர்தான் கெய்சர், அவர் கொடுப்பது பிரஷ்ய விருது. பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க், பாடன் எல்லாவற்றுக்கும் சொந்த அரசர் அல்லது கிராண்ட் டியூக், சொந்த விருது, அதைவிட முக்கியமாகச் சொந்த ரயில்வே! சாக்சனி ரயில்வேக்காரருக்கு ஆல்பிரெக்ட் விருது, பாடன்காரருக்கு ஸேரிங்கன் சிங்கம், பவேரியாக்காரருக்குப் புனித மைக்கேல் விருது என்று போகும். பேரரசே நேரடியாக நடத்திய ரயில்வே என்றால் பிரான்சிடமிருந்து பிடுங்கிய அல்சாஸ்-லொரேனில் இருந்ததுதான். ஹெஸ்ஸே மட்டும் 1897-இல் தன் ரயில்வேயை பிரஷ்யாவோடு சேர்த்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எல்லை தாண்டி ஓடும் ரயிலில் இன்னொரு நாட்டு அரசர் பயணம் செய்தால், கூடவே போன அதிகாரிக்கு அந்த அரசரின் விருதும் வந்து சேரும். அதனால் பெரிய டைரக்‌ஷன் அதிகாரிகள் மார்பில் நாலைந்து நாட்டுச் சிலுவை தொங்கும், அவர்கள் பிரஷ்யாவை விட்டு வெளியே வேலையே பார்த்திருக்க மாட்டார்கள்.

உச்சத்தில் யார் என்றால் ஆல்பர்ட் மைபாக். தனியார் ரயில் பாதைகளை வாங்கி பிரஷ்யாவில் அரசு ரயில்வேயைப் பெரிதாக்கிய அமைச்சர். 1888-இல் அவருக்குக் கருங்கழுகு விருது கிடைத்தது, 1701-இலிருந்து வரும் பிரஷ்யாவின் மிக உயர்ந்த விருது. அதை வாங்கினால் பரம்பரைப் பிரபு பட்டம் கூடவே வரும், அதனால் மைபாக் "ஃபான் மைபாக்" ஆனார். அவருடைய கேட்மேனுக்கு வெள்ளி வட்டம்.

புதுச்சேரிக்காரி என்பதால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை: பிரான்சில் ரயில்வேக்காரர்களுக்கென்றே தனி மரியாதைப் பதக்கம் 1913-இல் வந்தது. பிரான்சில் குடியரசு, ஜெர்மனியில் முடியாட்சி, ஆனால் நெஞ்சில் குத்திக்கொள்ளும் ஆசை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

கெடிலக்கரை (கடலூர்)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிலுவையின் ரிப்பன் கோடு எதுவும் இல்லாமல் வெளிறிப்போய் இருக்கிறது. சிலுவையின் கைகள் மின்னும் உலோகம் மாதிரி, நடுவட்டத்தில் மட்டும் ஏதோ வேலைப்பாடு, கிரீடம் போலத் தெரிகிறது. வட்டப் பதக்கத்தின் ரிப்பன் முழுக்கக் கறுப்பு, பதக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவரின் மார்பளவு உருவம். மச்சானிடம் அயர்ன் கிராஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன், அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

முத்தியால்பேட்டை நாணயம்

அப்படியென்றால் கிட்டத்தட்ட முடிந்தது அண்ணே. கோடில்லாத வெளிறிய ரிப்பன் நிஜத்தில் நீலமாக இருந்திருக்கும். நீல ரிப்பன், எனாமல் இல்லாத பொன்முலாம் பூசிய கைகள், நடுவில் கிரீடம்: கிரீட விருது நாலாம் வகுப்பு. சிவப்புக் கழுகு என்றால் வெள்ளை ரிப்பனில் இரண்டு ஆரஞ்சுக் கோடு, போட்டோவில் கறுப்புக் கோடாகத் தெரிந்திருக்கும்.

வட்டம் எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்திருக்கிறது. கறுப்பாகத் தெரியும் ரிப்பன் ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும், ஹெல்மெட் போட்டவர் முதலாம் வில்ஹெல்ம். அது 1897-இல் அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு வந்த நூற்றாண்டுப் பதக்கம், போரில் பிடித்த பீரங்கிகளின் வெண்கலத்தில் வார்த்தது. அதை அப்போது படையில் இருந்தவர்களுக்கும் பழைய போர்வீரர்களுக்கும் கொடுத்தார்கள். ஆக உங்கள் ஆள் 1897-இல் பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டும், பழைய போர்வீரர் என்றால் போர்ப் பதக்கமும் கூடவே தொங்கியிருக்கும், அது இல்லை. பிரஷ்யாவில் பன்னிரண்டு வருஷம் படையில் இருந்த ஹவில்தார் ரக ஆட்களுக்கு அரசு வேலைக்கான சான்று ஒன்று கொடுப்பார்கள், அதை வைத்து ரயில்வேயிலும் தபாலிலும் ஏராளமானோர் சேர்ந்தார்கள். அப்படி வந்து, ஸ்டேஷன் மாஸ்டர் ரகப் பதவி வரைக்கும் ஏறி, 1910-க்கு மேல் எப்போதோ கிரீட விருது வாங்கிய ஆள் என்று நான் பந்தயம் கட்டுவேன். கடைக்காரர் மிலிட்டரி என்று சொன்னது பாதி சரிதான் போல!

பெயர் கண்டுபிடிக்க வேண்டுமா? விருது அறிவிப்பெல்லாம் ஜெர்மன் அரசு கெஜட்டில் வரும். மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் அதை ஸ்கேன் பண்ணி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஜனவரி மாத இதழ்களிலிருந்து தொடங்குங்கள், ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 18-ஐ ஒட்டி பெர்லினில் விருது விழா நடக்கும், பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும். எர்ஃபுர்ட் என்று தேடிப் பாருங்கள், எழுத்துதான் கொஞ்சம் படுத்தும்.

யாராவது இந்தப் பதக்கம் "அசல், குடும்பத்திலிருந்து வந்தது" என்று விற்க வந்தால் உஷார். கழுகு, கிரீடம் இரண்டுமே சொந்தக்காரர் இறந்த பிறகு விருது ஆணையத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. குடும்பத்தில் தங்கியது பெரும்பாலும் நகைக்கடையில் தனியாகச் செய்து வாங்கிய இன்னொரு பிரதி. அதுவும் நல்ல பொருள்தான், ஆனால் விலை வேறு.

ஓய்வு கார்டு

செத்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? அநியாயம். சரி, சண்டை நேரத்தில் இந்த ரயில்வேக்காரர்களுக்கு என்ன கிடைத்தது?

வில்லியனூர் வள்ளி

ஐயா, முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்களில் ஏற்றி அனுப்பினார்கள். படைகளுக்கான அந்தப் போர்க்கால ரயில் துறைக்குத் தலைவர் வில்ஹெல்ம் குரோனர். 1915 செப்டம்பரில் அவருக்கு பூர் ல மெரிட் கிடைத்தது, போர்முனைத் தளபதிகள் வாங்கும் விருது, இவர் கையில் இருந்ததோ டைம்டேபிள். சண்டையில் நேரடியாக இறங்காதவர்களுக்கும் அயர்ன் கிராஸ் உண்டு, ரிப்பன் மட்டும் தலைகீழ்: கறுப்பில் வெள்ளை ஓரத்துக்குப் பதிலாக வெள்ளையில் கறுப்பு ஓரம். கெடிலக்கரையின் மச்சானுக்கு இந்த ஆறுதல் போதும் என்று நினைக்கிறேன்.

சாதாரண ஆட்களுக்கு 1916 டிசம்பரில் போர் உதவிச் சிலுவை என்று ஒன்று வந்தது. துத்தநாகத்தில் செய்தது, ஏனென்றால் நல்ல உலோகமெல்லாம் போருக்குப் போய்விட்டது. டைரக்டருக்கும் லோகோ ஷெட் ஆளுக்கும் ஒரே சிலுவை, வகுப்பே கிடையாது. கிரேடு பார்க்காமல் கொடுத்தார்கள் என்று சந்தோஷப்படலாம், கொடுக்க வேறெதுவும் மிச்சமில்லை என்றும் சொல்லலாம்.

பிறகு 1919-இல், கெய்சர் போய் ஜெர்மனி குடியரசானதும் வந்த வைமர் அரசியல் சட்டம், 109-ஆவது பிரிவு: அரசு இனி விருதும் பதக்கமும் கொடுக்கக்கூடாது, ஜெர்மானியர் வெளிநாட்டு அரசிடமும் வாங்கக்கூடாது. நம் அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்ததே, அதே வகை, ஆனால் அது இன்னும் கடுமை. நாம் பத்ம விருதை வைத்துக்கொண்டோம்.

மஞ்சக்குப்பம் ரயிலடி

சுவாரசியமான இழை. இதே மாதிரி வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே ரயில்வே ஆட்களுக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர் கொடுத்தது பற்றி யாராவது எழுதுங்களேன், எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை நாணயம்

தனி இழை தொடங்குங்க அண்ணே, அந்தக் கல்லை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.