எடின்பரோ கோட்டைக்குள் உள்ள புனித மார்கரெட் சிற்றாலயம்: மேடேறிச் சென்று பார்க்கலாமா?

கேள்வி (சேலம், அழகாபுரம்):
எடின்பரோவில் படிக்கும் மகளைப் பார்க்க அடுத்த மாதம் நானும் மனைவியும் செல்கிறோம். அங்குள்ள கோட்டைக்குள் இருக்கும் மார்கரெட் சிற்றாலயத்தை அவசியம் பார்க்க வேண்டும் என்கிறாள் மகள். இருபது பேர் நின்றாலே நிறைந்துவிடுமாம். எங்களுக்குக் கிடைப்பது ஒரு காலைப்பொழுது மட்டுமே. மனைவிக்கு முழங்கால் வலி வேறு. நேரில் பார்த்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் (ஏற்காடு):
வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும் ஐயா; நம் எஸ்டேட்டுகளில் காப்பிக்கொட்டை போட்டு வைக்கும் கல்கட்டடம்போல நிற்கிறது. ஆனால், 1093இல் இறந்த தம் தாய் மார்கரெட்டின் நினைவாக ஸ்காட்லாந்து அரசர் முதலாம் டேவிட் 1130ஐ ஒட்டிக் கட்டிய அதுவே, அந்நகரில் இன்று எஞ்சியுள்ள கட்டடங்களில் மிகப் பழமையானது. உள்ளே, பீடம் இருக்கும் பகுதியைப் பிரிக்கும் வளைவில் அலையலையாக மடிந்து செல்லும் கோணல்மாணல் கோட்டுச் செதுக்கலை நிதானமாகப் பாருங்கள். வெளிச்சுவர் நேராக இருக்க, உள்ளே அப்பகுதி மட்டும் அரைவட்டமாக வளைந்திருப்பதைப் பலர் கவனிக்காமலே வந்துவிடுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் அதை வெடிமருந்துக் கிடங்காக்கிவிட்டதால் ஆலயம் என்பதே மறந்துபோய், 1845இல் டேனியல் வில்சன் என்ற தொல்பொருள் ஆர்வலர்தான் அதை மீண்டும் அடையாளம் கண்டார். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் 1922இல் பொருத்தப்பட்டவை. அவற்றைப் பழமையென எண்ணிவிட வேண்டாம். மார்கரெட் என்னும் பெயருடைய பெண்களே முறைவைத்து அங்கே புதுமலர் வைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பதில் (சங்ககிரி):
நம் சங்ககிரிக் கோட்டையில் உச்சிவரை ஏறியவர்களுக்கு அது ஏற்றமே அல்ல. ஆயினும் பாதை முழுதும் கற்கள் பாவிய சரிவு, மழையில் வழுக்கும். நடக்க இயலாதவர்களை மேலே கொண்டுசெல்லக் கோட்டையில் வண்டி உண்டு. அம்மாவுக்காக நுழைவிடத்திலேயே கேட்டுவிடுங்கள். காலை முதல் நேரத்துக்குச் சீட்டு எடுத்து, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே சிற்றாலயத்துக்குச் செல்வதே நல்லது; கூட்டம் சேர்ந்தால் வாசலில் காத்திருந்து எட்டிப்பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். வாசலுக்கு எதிரிலேயே 1449இல் செய்யப்பட்ட மோன்ஸ் மெக் என்னும் பெரும்பீரங்கி நிற்கிறது. ஏறத்தாழ 150 கிலோ எடையுள்ள கற்குண்டுகளை வீசியது அது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முதல் நேரத்துக்கே சீட்டு எடுக்குமாறு மகளிடம் சொல்லிவிட்டேன். என் மாமியார் பெயரும் மார்கரெட் என்பதால், இப்போது மனைவிதான் எனக்கு முன்னே புறப்பட நிற்கிறார்.