அப்டேட்: 20 கிலோமீட்டர்ல நின்னு போற பைக், திருடன் சிக்கிட்டான்

போன மாசம் இங்க பொலம்பியிருந்தேனே, 150 சிசி கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புற பார்ட்) வச்ச ஸ்போர்ட்ஸ் பைக், திருச்சில கெளம்பினா துவாக்குடி தாண்டினதும் மூச்சு முட்டி ஆஃப் ஆயிடுது, பத்து நிமிஷம் ஓரமா நின்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுதுன்னு, அதுக்கு விடை கெடைச்சிருச்சு.

நீங்க சொன்னபடி மொதல்ல ஸ்பார்க் பிளக் மாத்தினேன், யூஸ் இல்ல. கார்ப்பரேட்டரைக் கழட்டி ஜெட்டெல்லாம் (பெட்ரோல் போற பொடி ஓட்டைங்க) ஊதினேன், சுத்தமாத்தான் இருந்துச்சு. பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற காயில் சூடாகி கட் ஆகுதோன்னு டவுட், ஆனா நின்ன கையோட பாத்தா ஸ்பார்க் நீலமா ஜம்முனு வருது. அப்ப பெட்ரோல்தான் வரல. (ஒரு மெக்கானிக் இஞ்சினைப் பிரிக்கணும்னாரு, நல்லவேளை கையில காசு இல்ல.)

போன ஞாயிறு மறுபடி நின்னப்ப சும்மா டேங்க் மூடியத் தொறந்தேன், ‘உஸ்ஸ்’னு காத்த உள்ள இழுத்துச்சு பாருங்க, திரும்ப மூடி வச்சேன், ரெண்டு நிமிஷத்துல ஸ்டார்ட்! மூடில இருக்குற காத்து ஓட்டைய சேறும் துருவும் அடைச்சிருக்கு. பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து வரணும்ல, வரலன்னா டேங்குக்குள்ள வெற்றிடமாகி பெட்ரோல் எறங்காது. வண்டி நின்னப்ப காத்து மெல்ல கசிஞ்சு உள்ள போயிருக்கு, அதான் அந்தப் பத்து நிமிஷக் கதை.

மூடியக் கழட்டி மெல்லிசு கம்பி விட்டுக் குத்தி, பஞ்சர் கடையில காத்தடிச்சேன், அவ்ளோதான். நேத்து தஞ்சாவூர் போய்ட்டு வந்தேன், எங்கயும் நிக்கல. செயின் சத்தம் மட்டும் இன்னும் இருக்கு, அதுக்கு தனியா வரேன்.