1,031 முதல் 1,303 வரை: வரையாடு பெருகியதா, தேடிய இடம் பெருகியதா?

குன்னூர் வாசகன்:
நம் மாநில விலங்குக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள்; 2025இல் 1,303. இருபத்தைந்து கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, 'ஆட்டுக்கு இவ்வளவு பணமா?' என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

சோலை நடையன்:
ஐயா, கணக்கு இடிக்கிறது. 2024இல் 140 பிளாக்குகளில், அதாவது எண்ணுவதற்காகப் பிரித்த பகுதிகளில், தேடினார்கள்; 2025இல் 177. தேடும் இடம் கூடினால் கண்ணில் படுவதும் கூடும். பெட்டை ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும்; அதிலும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் போனது போக எத்தனை மிஞ்சும்? ஓராண்டில் கால் பங்குக்கு மேல் பெருகியது என்று என்னால் நம்ப முடியவில்லை. பழைய 140 பிளாக்குகளின் இரண்டாண்டு எண்ணிக்கையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பேசலாம்.

குன்னூர் வாசகன்:
ஒரே பிளாக்கைப் பல முறை எண்ணித்தானே முடிவு சொல்கிறார்கள்? மழையிலும் பனியிலும் நடந்தவர்களின் உழைப்பை ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்.

முகட்டுப்புல்:
அந்த உழைப்பை நான் நேரில் பார்த்தவன். நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் ஒரு குழுவோடு நடந்திருக்கிறேன். எதிர்ப் பாறையில் ஒரு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. முதுகு வெளுத்த கிடா ஒன்று, பெட்டைகள், தாயின் வயிற்றுக்கடியில் முட்டிக்கொண்டிருந்த குட்டி. ஒன்பது வரை எண்ணியிருப்பேன். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. உள்ளிருந்து கூரிய சீழ்க்கை ஒன்று மட்டும் கேட்டது. பனி விலகியபோது வெறும் பாறை. எங்கள் தாளில் ஒன்பதுதான்.

இதற்காகத்தான் பவுண்டட் கவுண்ட் என்ற முறை. ஒரே சரிவில் ஒரு நாள் 14, மறுநாள் 11 தெரிந்தால், பெரிய எண்ணை இரட்டித்து அடுத்த எண்ணைக் கழிப்பார்கள்: 17. அந்த மூன்று ஆடுகளை யாரும் பார்க்கவில்லை. பனிக்குள் இருந்திருக்கலாம் என்று கணிதம் விட்டுவைக்கும் இடம் அது. ஆகவே 1,303 பொய்யில்லை. ஆனால் அதை வளர்ச்சி என்று படிப்பது தவறு. முன்பைவிட அதிக இடத்தில் தேடிய கணக்கு என்று படியுங்கள்.

குன்னூர் வாசகன்:
சரி, இதை ஏற்கிறேன். அப்படியானால் ரேடியோ கழுத்துப்பட்டை அணிவியுங்கள். எந்த மந்தை எங்கே போகிறது என்பதாவது சந்தேகமில்லாமல் தெரியும்.

முகட்டுப்புல்:
கழுத்துப்பட்டைக்கு முன்னால் மயக்க ஊசி போட வேண்டும். ஊசி பட்டதும் வரையாடு ஓடும் திசை செங்குத்துப் பாறைதான். மருந்து வேலை செய்யும் நேரத்தில் கால் எங்கே நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பிடிபட்ட பதற்றத்திலேயே இறந்துபோகும் குளம்பு விலங்குகள் உண்டு. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒரு சினைப் பெட்டை போனாலும் எனக்கு அது பெரிய இழப்பு.

எமரால்டு விவசாயி:
தம்பிகளே, எண்ணுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அது மேயும் புல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே? வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சீகை மரம் (வாட்டில்) புல்வெளியை மூடிக்கொண்டே போகிறது. தூரத்தில் வரும் பகையைப் பார்த்துப் பாறைக்கு ஓடுவதுதான் வரையாட்டின் பாதுகாப்பு. மரம் மறைத்த இடத்துக்குள் அது துணிந்து போகாது. வெட்டினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் சாய்ந்து வெயில் பட்டதும் கீரை விதைத்ததுபோல முளைக்கும். நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும், அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். பணத்தை அங்கே போடுங்கள்.

சோலை நடையன்:
அண்ணா சொல்வது முழுக்க நியாயம். ஆனால் பிடுங்கிய சரிவுக்கு ஆடு திரும்பியதா என்பதையும் யாராவது எண்ணித்தானே சொல்ல வேண்டும்? பிளாக் எல்லையை மாற்றாமல், அதே ஏப்ரலில், அதே பாதையில்.

எமரால்டு விவசாயி:
எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணப் போகிறவர்கள் திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு கட்டு சீகை நாற்றையும் பிடுங்கி வரட்டும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும், வேரோடு வரும்.