முன் பிரேக் கட்டை மாற்றியபின் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது, உதவி தேவை

தாமுவே புரோபாக்ஸ் (ஞாயிறு, மாலை 4.10)
அனைவருக்கும் வணக்கம். நேற்று என் வண்டியின் முன் பிரேக் கட்டைகளை நானே மாற்றினேன். இப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல் உள்ளே போகிறது. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை மூன்று முறை வெளியே எடுத்தும் பயனில்லை. நாளைக் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். பட்டறைக்குப் போகச் சொல்ல வேண்டாம். கட்டையின் விலையைப்போல் இரண்டு மடங்கு கூலி கேட்டதால்தான் நானே இறங்கினேன்.

தட்டோன் தம்பி (மாலை 4.32)
அண்ணே, உங்கள் பெயரைப் பார்த்து வண்டி டொயோட்டா புரோபாக்ஸ் என்று ஊகிக்கிறேன். எந்த ஆண்டு வண்டி, ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டா, எஞ்சின் ஓடும்போது அமுங்குகிறதா, அணைத்திருக்கும்போதும் அமுங்குகிறதா என்று ஒன்றுமே சொல்லவில்லையே. புதுக் கட்டை தடிமனானது என்பதால் கட்டையை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் அதைப் பொருத்தியிருப்பீர்கள். அந்த பிஸ்டன் திரும்ப வெளியே வந்து கட்டையைத் தொடும் வரை முதல் சில மிதிகளில் பெடல் தரைக்கே போகும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நின்ற இடத்திலேயே பத்துப் பதினைந்து முறை மிதித்தீர்களா?

மாந்தளை மலைப்பாதை (மாலை 4.51)
என் சந்தேகம் பிரேக் ஆயிலின் மேல்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். நம் மியான்மர் மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரியாக இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலையூரான மேமியோவிலிருந்து மாந்தளைக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் இறங்க வேண்டும். அந்த வளைவுகளில் ஒருமுறை என் பெடலும் இப்படித்தான் அமுங்கியது. நிறுத்திப் பார்த்தபோது சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஆயில் முழுவதையும் மாற்றியபின் இன்று வரை தொல்லை இல்லை. நீங்கள் எந்த ஆயில் ஊற்றினீர்கள்?

பழைய பட்டறை (மாலை 5.15)
மேலே எழுதியவருக்கு ஒரு வார்த்தை. ஆயில் கொதித்து ஆவியாகிப் பெடல் அமுங்குவது மலையிறக்கத்தில் நடக்கும். வீட்டு வாசலில் ஜாக்கியின்மேல் நிற்கும் வண்டியில் நடக்காது. இழையைத் தொடங்கியவருக்கும் ஒரு வார்த்தை. விளக்கு மாற்றுங்கள், பிளக் மாற்றுங்கள், வடிகட்டி மாற்றுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். பிரேக்கில் கைவைத்துப் பழகக் கூடாது. இருபது நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தூக்குகிறவர்களின் வண்டிகளைச் சரிசெய்தே நான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன்.

உங்கள் சிக்கல், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல். பழைய வண்டியில் பெடல் அன்றாடம் பாதித் தூரம்தான் போய்வரும். மீதித் தூரத்தில் சிலிண்டரின் உட்சுவரில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். காற்று எடுக்கிறேன் என்று தரை வரை மிதித்தால் ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். இன்னொன்று, நீங்கள் பார்த்த காணொளி பெரும்பாலும் இடப்பக்கச் சுக்கான் உள்ள நாட்டுடையதாக இருக்கும். 1970-இல் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிய நாம் இன்னும் ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்கச் சுக்கான் வண்டிகளையே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் பக்கம் இருப்பதால் நமக்குத் தொலைவான சக்கரம் பின் இடது; காற்றெடுப்பதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாமுவே புரோபாக்ஸ் (மாலை 5.28)
2006 புரோபாக்ஸ். ஆயில் புதிது, டாட் 3, மூடியில் போட்டிருந்த அதே வகை. நின்ற இடத்தில் ஐம்பது முறை மிதித்திருப்பேன். அறிவுரை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

சிரியம் பாகக்கடை (மாலை 5.44)
ஐயா, மாஸ்டர் சிலிண்டர் வாங்கக் கிளம்பாதீர்கள். அதை விற்கிற கடைக்காரியே இதைச் சொல்கிறேன். முதலில் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்தபடி இருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் பட்டறை ஐயா சொல்வதுபோல் சீல் கசிகிறது. இறங்காமல் நின்று, விட்டுவிட்டு மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் உயர்ந்து வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பின் சக்கர டிரம் பிரேக்கில் கட்டைக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது.

எனக்கு விளங்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கட்டை மாற்ற ஆயில் குழாயைத் திறக்கவே தேவையில்லை. கட்டையைப் பிடித்திருக்கும் காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் கட்டை கையில் வந்துவிடும். நீங்கள் எதற்காகக் காற்று எடுத்தீர்கள்? காற்று எந்த வழியாக உள்ளே போயிற்று?

தட்டோன் தம்பி (மாலை 5.50)
அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. பெடல் அமுங்கிய பிறகு காற்று எடுத்தீர்களா, அதற்கு முன்பே எடுத்தீர்களா, அண்ணே?

மாந்தளை மலைப்பாதை (மாலை 6.05)
பட்டறை ஐயா மன்னிக்க வேண்டும். பட்டறைகளையும் நாங்கள் பார்த்துத்தான் வந்திருக்கிறோம். என் வண்டியின் சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் எவ்வளவு இறுக்கினார்களோ, வழியில் டயர் பஞ்சரானபோது ஸ்பேனரின்மேல் ஏறி நின்றும் கழற்ற முடியவில்லை. டொயோட்டா சிறு வண்டிகளுக்கு இறுக்கும் அளவு 103 நியூட்டன் மீட்டர் என்று கையேட்டில் இருக்கிறது. அந்தப் பட்டறையில் இறுக்கத்தை அளந்து காட்டும் அளவு ஸ்பேனர் என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை. என் வண்டிக்கு நான் காட்டும் பொறுமையை, வரிசையில் ஆறு வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் சயாவிடம் (மெக்கானிக்கிடம்) எதிர்பார்க்க முடியாது.

பழைய பட்டறை (மாலை 6.31)
அளவு ஸ்பேனர் இல்லாத பட்டறைக்கு நீங்கள் போனது என் குற்றமில்லை. நான் தொழில் பழகிய காலத்தில் பாகம் என்று ஒன்று கடையில் கிடைக்காது. நீல நிறச் சின்ன மாஸ்டா டாக்சிக்குத் தேவையான புஷ்ஷை லேத்தில் கடைந்துதான் போட்டோம். 2011-இல் பழைய வண்டியை ஒப்படைத்துப் புது அனுமதி வாங்கும் திட்டம் வந்த பிறகு ஜப்பான் வண்டிகள் குவிந்தன, பாகங்களும் குவிந்தன, எல்லோரும் மெக்கானிக் ஆகிவிட்டார்கள். கட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் நாங்கள் கூலி வாங்குவதில்லை. காலிப்பர் நகரும் ஊசி இறுகியிருக்கிறதா, கட்டை பிடிக்கும் டிஸ்க் தேய்ந்திருக்கிறதா, குழாயில் வெடிப்பு உண்டா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கிறதே, அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி.

சிரியம் பாகக்கடை (மாலை 6.40)
அப்படிப் பார்க்கிற பட்டறைக்கு நானே ஆள் அனுப்புகிறேன், ஐயா. கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு பார்க்காமல் விடுகிறவர்களும் என் கடைக்கு வந்து போகிறார்கள். கேள்வி கேட்டவர் எங்கே?

தாமுவே புரோபாக்ஸ் (இரவு 7.22)
சோதித்தேன். பெடல் கீழே இறங்கவில்லை. மூன்று மிதியில் உயர்ந்து வருகிறது, சிறிது நேரம் விட்டால் மறுபடி பஞ்சு. காற்று ஏன் எடுத்தேன் என்று கேட்டீர்கள். காலிப்பர் இரண்டும் சேறும் துருவுமாக இருந்தன. குழாயோடு தொங்கவிட்டுத் தேய்க்க முடியாததால் இரண்டையும் கழற்றித் தேய்த்துச் சிவப்பு வண்ணம் அடித்து மாட்டினேன். அது இங்கே தேவையான செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. மனைவி பெடலை மிதிக்க, காற்று வெளியேறும் நிப்பிளில் உள்ளே தெரியும் குழாய் மாட்டி, காணொளியில் கண்டபடியே எடுத்தேன். கடைசி இரண்டு முறையும் ஒரு குமிழிகூட இல்லாமல் சுத்தமான ஆயில்தான் வந்தது.

சிரியம் பாகக்கடை (இரவு 7.30)
இதை நாலு மணிக்கே சொல்லியிருக்கலாம், ஐயா. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றி ஒரே இடத்தில் காயவைத்தீர்கள் அல்லவா? இப்போது விளக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் மேல் முனையில் இருக்கிறதா, கீழ் முனையில் இருக்கிறதா? வலது காலிப்பரை இடப்பக்கமும் இடது காலிப்பரை வலப்பக்கமும் மாட்டினால் போல்ட் ஒழுங்காகவே ஏறிவிடும், கட்டையும் பொருந்தும். நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று மேலேதான் தங்கும். கீழே திறந்தால் ஆயில்தான் வரும். குமிழி வரவில்லை என்று நீங்கள் மகிழ்ந்தபோது மொத்தக் காற்றும் நிப்பிளுக்கு மேலே உட்கார்ந்திருந்திருக்கும்.

தட்டோன் தம்பி (இரவு 7.41)
அண்ணே, அது எப்படி இருந்தாலும் நாளைக் காலை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். ஒரு நாள் டாக்சியிலோ ஒய்.பி.எஸ். நகரப் பேருந்திலோ போகட்டும். சரிசெய்த பிறகும் முதலில் ஆளில்லாத சந்தில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பாருங்கள்.

பழைய பட்டறை (இரவு 8.05)
அந்த அம்மா சொல்வது நடக்கக்கூடியதுதான். என் பட்டறையில் புதுப் பையன் ஒருவன் இதைச் செய்திருக்கிறான். அன்று அரை நாள் போயிற்று. முன்பக்கம் மட்டும் திறந்திருந்தால் முன்பக்கம் மட்டும் காற்று எடுத்தால் போதும், பின் சக்கரத்துக்குப் போக வேண்டாம். காலிப்பர்களை இடம் மாற்றும்போது குழாய்ப் போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் செப்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். அது ஒருமுறை நசுங்கித்தான் ஆயிலை அடைக்கும். இரண்டாம் முறை அடைக்கும் என்று நம்ப முடியாது. சக்கரம் ஒன்றுக்கு இரண்டு, மொத்தம் நான்கு.

மாந்தளை மலைப்பாதை (இரவு 8.12)
அப்படியானால் சீல் கிழியவில்லை என்று ஐயா ஒப்புக்கொள்கிறாரா?

பழைய பட்டறை (இரவு 8.15)
இன்னும் கிழியவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

தாமுவே புரோபாக்ஸ் (திங்கள், காலை 11.50)
நிப்பிள் கீழேதான் இருந்தது, இரண்டிலும். மாற்றி மாட்டிக் காற்று எடுத்தேன். முதல் மிதியிலேயே புஸ்ஸென்று நுரையாக வந்தது. பெடல் இப்போது கல்போல் நிற்கிறது. அக்காவுக்கு நன்றி.

சிரியம் பாகக்கடை (காலை 11.58)
மகிழ்ச்சி. வாஷர் எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

பழைய பட்டறை (மதியம் 12.20)
வாங்கினாரா என்று கேளுங்கள்.

தட்டோன் தம்பி (செவ்வாய், காலை 9.05)
அண்ணே, குழாய்ப் போல்ட்டின் அடியில் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்து ஈரம் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள்.